கிளேபாங்கில் இல்லாத லெட்சுமி

திரையில் ஊக்குகள் இல்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை கிளினிக்கில் நான் முதலில் கவனித்தது அதைத்தான்.

எங்கள் நர்ஸ் காமாட்சி மிஸ்ஸி காலையில் வந்ததும் செய்யும் முதல் வேலை, பச்சைத் திரையின் இரண்டு பாதிகளையும் இழுத்துச் சேர்த்து, மேலிருந்து கீழாக ஐந்து ஊக்குகளைக் குத்துவது. காற்றடித்தாலும் விலகாது, எந்தக் கண்ணும் உள்ளே போகாது. அன்று ஒன்பது மணி ஆகியும் திரை இரண்டாகப் பிரிந்து கிடந்தது. உள்ளேயிருந்த படுக்கையில் வெயில் விழுந்திருந்தது. துவைத்து இஸ்திரி போட்ட விரிப்புகளை மார்போடு அணைத்தபடி நின்றேன். யாரோ உள்ளே புகுந்து எதையோ தேடியிருக்கிறார்கள் என்றுதான் சந்தேகப்பட்டேன்.

"யாரும் வரல பாப்பா," என்றார் பெருக்கிக்கொண்டிருந்த ஆயா. "மிஸ்ஸி போயிட்டாங்க. நேத்துக் காலைல சாமிக்குப் பூப் பறிக்கப் போனவங்க அங்கயே விழுந்துட்டாங்களாம். ரத்தக் கொதிப்பு. இன்னிக்குச் சாயங்காலம் எடுக்கிறாங்க."

அதையும் நான் உடனே நம்பவில்லை. போன வாரம்தானே விரிப்பில் ஒரு கறை போகவில்லை என்று என்னைக் கடிந்துகொண்டார்?

நம் மாதர் மன்றத்துக் கையெழுத்துப் பத்திரிகை ஆண்கள் கைக்குப் போகாது என்று ஆசிரியர் அக்கா சத்தியம் செய்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். அப்படியும் முழு நம்பிக்கை வரவில்லை. ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் முன்னால் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். மிஸ்ஸியை அறிந்த உங்களுக்கு அவர் எப்படிப்பட்டவர் என்று நான் சொல்லவேண்டியதில்லை. நான் அவருக்குச் செய்ததைத்தான் சொல்லவேண்டும். அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அவர் காஜா பேராங் கிளினிக்குக்கு வந்த புதிதில் நாம் யாரும் அவரை நம்பவில்லை. தலைமுறை தலைமுறையாக மலாய் பேசும் தமிழர்கள் வாழ்கிற செட்டி கம்போங்கில் பிறந்தவர். பெயர் காமாட்சி, நெற்றியில் திருநீறு, உடம்பில் மலாய்க்காரிகள் போடும் கெபாயாச் சட்டை, வாயைத் திறந்தால் மலாய். தமிழில் 'வா', 'படு', 'பயம் வேண்டாம்' என்று மூன்றே மூன்று தெரியும். 'படு' என்பதை அவர் சொல்லும் அதட்டலில் பாதிப் பேர் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

"சாமி கும்புடற பொம்பளைக்குத் தமிழ் தெரியாதாம். நடிக்கிறா," என்பார்கள் குழாயடியில்.

"நோட்டுல என்னமோ எழுதறா பாத்தியா? பேர எழுதிக் குடுத்தா கப்பல்ல ஏத்தி ஊருக்கு அனுப்பிடுவாங்க லா."

"அதை விடு. சின்ன பாட்டில்ல சதைய அறுத்துப் போட்டு எங்கயோ அனுப்பறாங்களாமே, அது எதுக்காம்?"

சுதந்திரம் வந்து, குடியுரிமைக்கு மனுப் போடுங்கள் என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டிருந்த சமயம் அது. பெயரைக் கேட்டு எழுதுகிற யாரிடமும் நாம் உண்மைப் பெயரைச் சொல்லவில்லை. அதனால்தான் கிளினிக்கில் எல்லோரும் லெட்சுமி ஆனார்கள். ஒரே செவ்வாய்க்கிழமையில் நான்கு லெட்சுமிகள் வந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதில் ஒருவர் நான் சின்ன வயதிலிருந்து 'முனியம்மா அக்கா' என்று கூப்பிட்டவர். என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

என் அம்மா கிளினிக் விரிப்புகளைத் துவைத்துக் கொடுப்பவர். அவற்றைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை. ஒருநாள் திரைக்கு உள்ளே ஒரு பெண் தமிழில் அழுதாள். மிஸ்ஸி மலாயில் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் ஒருவர் சொல்வது ஒருவருக்குப் புரியாமல் தவிப்பது பொறுக்காமல், நான் வெளியே தரையைப் பார்த்தபடி நின்று, இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்கும் இரண்டு வாக்கியங்களைக் கடத்திவிட்டேன். அடுத்த வாரம் திரைக்கு வெளியே எனக்கென்று ஒரு முக்காலி போடப்பட்டிருந்தது. "நீ உள்ளே வரவேண்டாம். உன் குரல் மட்டும் வந்தால் போதும்," என்றார். அவர் பேசியதெல்லாம் மலாய். நான்தான் தமிழில் எழுதுகிறேன். முகம் காட்டாமல் பேசுகிற வேலை எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் இவர் ஏன் இவ்வளவு நல்லவராக இருக்கிறார் என்ற சந்தேகமும் இருந்தது.

உண்மையில் அவர் என்னைவிடச் சந்தேகக்காரர். வந்தவர்கள் எல்லோரும் 'வயிற்று வலி' என்பார்கள். அவர் நம்பமாட்டார். "வயிற்று வலிக்காரி பலகையில் பொத்தென்று உட்காருவாள். இவள் ஏன் ஓரத்தில், ஒரு பக்கமாக உட்காருகிறாள்?" என்று என்னிடம் கேட்பார். 'உடம்புச் சூடு' என்றால் எத்தனை நாளாகச் சூடு என்பார். 'அரிப்பு' என்று யாராவது வாய்விட்டுச் சொல்லிவிட்டால், அதற்கு என்னென்ன தடவினாய் என்பார். மஞ்சள், சுண்ணாம்பு, படைத் தைலம், ஒருத்தி மண்ணெண்ணெய்கூட. எல்லாவற்றையும் நிறுத்து, வெறும் தண்ணீரில் கழுவு என்று சொல்லிவிட்டு, கையில் டார்ச் விளக்கை எடுத்துக்கொள்வார். "தெங்கோ டூலு." அதுதான் அவர் அடிக்கடி சொன்னது. முதலில் பார்ப்போம், பயப்படுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்பார்.

அவருடைய நோட்டை ஒருநாள் அவர் கை கழுவப் போனபோது திறந்து பார்த்தேன். பக்கத்துக்கு ஒன்றாக வெற்றிலைப் படம். சில வெற்றிலைகளில் கோடு கோடாக, சிலவற்றில் புள்ளி புள்ளியாக, ஒன்றில் கறுப்பாக ஒரு பொட்டு. பக்கத்தில் பெண்களின் பெயர். வெற்றிலையில் பெயரெழுதிச் செய்கிற காரியம் என்னவென்று நமக்கெல்லாம் தெரியும். செய்வினை என்றே முடிவு செய்தேன்.

"என்ன பார்க்கிறாய்?" என்று பின்னாலிருந்து கேட்டார்.

என் கண் அந்தப் பக்கத்திலேயே இருந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது. ஆயா ஓடிவரும் அளவுக்குச் சிரித்தார்.

"வெற்றிலை இல்லை. நீயும் நானும் வெட்கப்படுகிற இடம். கையில் சொறி வந்தால் பத்துப் பேரிடம் காட்டுகிறோம். இங்கேயும் இருப்பது தோல்தானே?" என்றவர், பக்கங்களைப் புரட்டிக் காட்டினார். கோடு போட்டது வெள்ளைப் படலம்: தோல் சிகரெட் தாள்போல மெலிந்து, சுருங்கி, அந்த இடத்து உதடுகள் ஒட்டிக்கொண்டே போகும், டாக்டர் கொடுக்கும் களிம்பில் அரிப்பு அடங்கும், ஆனால் வாழ்நாள் முழுக்கக் கண்காணிக்கவேண்டும். புள்ளி போட்டது, சொறிந்து சொறிந்து யானைத் தோலாகத் தடித்துப்போனது. சொறிவதை நிறுத்தினால் ஆறும். கறுப்புப் பொட்டைக் காட்டும்போது அவர் சிரிக்கவில்லை. "ஓரம் தடித்த புண். தொட்டால் கட்டிபோல இருக்கும். சில சமயம் வலிக்காது, அதனால்தான் விட்டுவிடுகிறார்கள். ஒரு மாதத்தில் ஆறாத புண்ணை நான் சந்தேகப்படுவேன். என் சொந்த அக்காவுக்கு இருந்தாலும் சந்தேகப்படுவேன். ஒரு துளி வெட்டிப் பார்க்காமல் அதை விடக்கூடாது."

பாட்டிலில் போவது அந்தத் துளிதான் என்று அன்று தெரிந்துகொண்டேன். ஆனால் முழுதாக நம்பியது அப்போது அல்ல.

எங்கள் வீட்டில் அப்போது வேறொரு சந்தேகம் ஓடிக்கொண்டிருந்தது. என் அண்ணி பொன்னம்மா, குருபோங் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவர். அவர் தன் உள்பாவாடைகளை மட்டும் கொடியில் போடாமல் அடுப்புக்கு மேலே காயவைத்தார். அண்ணன் லாரியோடு சிங்கப்பூர் போய்த் திரும்புகிற நாட்களில் இடுப்பு வலி என்று அடுப்படியில் பாய் விரித்தார். சாப்பிடும்போது ஒரு காலை மடித்து ஒருக்களித்து உட்கார்ந்தார்.

"எந்த வீட்டுப் பொம்பள பாவாடைய அடுப்பு மேல காயப் போடுவா?" என்பார் அம்மா, அண்ணியின் காதில் விழும்படியே. "புருஷன் வந்தா இடுப்பு வலி, போனா சரியாயிடுது. அது என்ன வலியோ!"

அம்மா அண்ணியைச் சந்தேகப்பட்டார். நான் அண்ணனைச் சந்தேகப்பட்டேன்; லாரிக்காரர்கள் சிங்கப்பூரிலிருந்து என்ன நோய் கொண்டுவருவார்கள் என்று குழாயடியில் கேட்டிருக்கிறேன். அண்ணன் யாரைச் சந்தேகப்பட்டாரோ, வாய் திறக்கவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார். நான்கு பேரும் ஒரே கூரையின்கீழ் ஒருவரையொருவர் கவனித்துக்கொண்டிருந்தோம்.

ஒரு செவ்வாய்க்கிழமை, தலையில் முக்காடு போட்டுக்கொண்டு ஒரு பெண் கிளினிக்குக்குள் வந்தாள். முக்காட்டை விலக்கியதும் அண்ணி. நான் அங்கே வேலை செய்வது அவருக்குத் தெரியும். விரிப்பைக் கொடுத்துவிட்டுப் போயிருப்பேன் என்று நினைத்து நேரம் கழித்து வந்திருக்கிறார். முக்காலியில் என்னைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துப்போனது. திரும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. அவ்வளவு வேதனை இருந்திருக்கிறது. என் கண்ணைப் பார்த்து, தலையை மெல்ல இடமும் வலமும் அசைத்துவிட்டு, திரைக்கு உள்ளே போனார்.

"பெயரும் ஊரும் கேள்," என்றார் மிஸ்ஸி.

"லெட்சுமி. கிளேபாங்," என்றேன்.

அப்படிச் சொன்னது அண்ணியைக் காப்பாற்றத்தான். அம்மாவின் காதுக்குப் போகக்கூடாது, எங்கள் வீட்டுப் பெயர் அந்த நோட்டில் ஏறக்கூடாது. மூன்று வருஷமாக அரிப்பு, ஐந்து மாதமாகப் புண் என்று அண்ணி உள்ளேயிருந்து சொன்னதையெல்லாம் சரியாகவே மலாயில் சொன்னேன். பெயரையும் ஊரையும் மட்டும்தான் பொய்யாகச் சொன்னேன். அந்த வாரமே மிஸ்ஸி அண்ணியைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் டாக்டரிடம் காட்டினார். கோயிலுக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு அண்ணி போனார். துளி எடுத்தார்கள். பாட்டில் போனது. வெட்டிய இடம் இரண்டு நாள் எரிந்தது; பயந்துபோன அண்ணி அதற்குப் பிறகு கிளினிக் பக்கம் வரவில்லை. என்னிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

மூன்று வாரம் கழித்துத் தாள் வந்தது. மிஸ்ஸி அதைப் படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்தார். "அந்தக் கிளேபாங் லெட்சுமி எங்கே?" என்று கேட்டார். "புற்று. இன்னும் சின்னதாக இருக்கிறது. இப்போது அறுத்தால் பிழைப்பாள்."

அப்போதே சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை.

மிஸ்ஸி சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளேபாங்குக்குப் போனார். மறுநாளும் போனார். கடற்கரை வெயிலில் முகமெல்லாம் கறுத்துத் திரும்பி வந்து, நோட்டால் விசிறிக்கொண்டு என்னிடமே சொன்னார்: "எல்லாக் கதவையும் தட்டிவிட்டேன். அங்கே இரண்டு லெட்சுமி இருக்கிறார்கள். ஒருத்திக்குப் பல் இல்லை. இன்னொருத்திக்கு இன்னும் பல் முளைக்கவில்லை." ஆயா சிரித்தார். நான் விரிப்பை மடித்துக்கொண்டிருந்தேன். மடித்ததையே திரும்பப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்தால் அண்ணியின் மானம் போகும், திறக்காவிட்டால் அண்ணி போவார். இது தெரிந்தும் ஒன்பது நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். எழுதும்போதும் அந்த ஒன்பது நாளை என்னால் குறைத்துச் சொல்ல முடியவில்லை.

பத்தாம் நாள் பிற்பகல், மூடிய தட்டில் பலகாரத்தோடு மிஸ்ஸி எங்கள் வாசலில் நின்றார். நான் வெளியே ஓடினேன்.

"எப்படித் தெரிந்தது?"

"நான் பெயர் கேட்கச் சொன்னேன். நீ அவளிடம் கேட்கவே இல்லை. கேட்காமலே பதில் சொன்னாய். அவள் உன் வீட்டுப் பெண்ணாகத்தான் இருக்கவேண்டும்," என்றார். "அது நேற்று சைக்கிள் மிதிக்கும்போதுதான் நினைவுக்கு வந்தது."

திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. "வாயை மூடிக்கொள்வதாக இருந்தால் மூடிக்கொள். உனக்கு வெட்கம், எனக்குத் தெரியும். ஆனால் மாற்றிச் சொல்லாதே. மூடிய வாயை நான் சந்தேகப்படுவேன், தேடுவேன். மாற்றிச் சொன்னால் கிளேபாங்குக்குப் போய்விடுவேன்."

உள்ளே அம்மா பலகாரத் தட்டையே சந்தேகமாகப் பார்த்தார். "திருநீறு மட்டும் பட்டை பட்டையா இருக்கு. ஒரு வார்த்தை தமிழ் வரல. இவ என்ன சொன்னாலும் நான் நம்ப மாட்டேன்னு சொல்லுடி."

நான் மிஸ்ஸியைப் பார்த்தேன். "அப்படியே சொல்," என்றார். சொன்னேன், பட்டை பட்டையாக என்பது உட்பட.

"சாமிக்கு என் மலாய் புரிகிறது. உங்கள் மருமகளுக்குப் புரிந்தால் போதும்," என்றார் மிஸ்ஸி. அதையும் அப்படியே சொன்னேன். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு பலகாரத்தில் ஒன்றை எடுத்தார்.

அண்ணியையும் என்னையும் அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினார். பையிலிருந்து ஒரு கைக்கண்ணாடி எடுத்தார். பெண்டஹாரா சாலைக் கடைகளில் தொங்குமே, சிவப்பு விளிம்பு வைத்தது, அதுதான். அண்ணியிடம் கொடுத்து, டார்ச்சை நீட்டினார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

"அங்க போய் கண்ணாடியில பாக்கறதா? அசிங்கம்," என்றார் அண்ணி.

"நானும் பார்த்தேன், டாக்டரும் பார்த்தார். உன் உடம்பு, நீ மட்டும் பார்த்ததில்லை," என்றார் மிஸ்ஸி.

டார்ச்சைச் சொடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு அண்ணியின் குரல், ரொம்பச் சின்னதாக: "இது சூடு இல்ல."

"இல்லை."

"எங்க வீட்டுக்காரரு குடுத்ததா? என்னை அவரு சந்தேகப்படறாரு. நான் அவர சந்தேகப்பட்டேன்."

நான் சுவரைப் பார்த்தபடியே மலாயில் சொன்னேன். மிஸ்ஸியின் பதில் வந்தது. "அவன் கொடுத்தது என்று சொல்ல ஒன்றும் இல்லை. நீ தப்புச் செய்து வாங்கியதும் இல்லை. முதலில் வெள்ளைப் படலம் வந்தது. அதை யாரும் பார்க்கவில்லை. பார்க்காத இடத்தில் புற்று வளர்ந்தது. அவ்வளவுதான்."

அதே வார்த்தைகளை அன்று அண்ணனிடமும் அம்மாவிடமும் சொல்லச் சொன்னார். அண்ணன் முன்னால் நின்று அப்படிப்பட்ட சொற்களை நான் சொன்னேன் என்பதை இன்றும் நம்ப முடியவில்லை. சொல்லி முடித்ததும் அண்ணன் எழுந்து போய் அடுப்புக்கு மேலே தொங்கிய பாவாடைகளை எடுத்து, முற்றத்துக் கொடியில், வெயிலில், தானே போட்டார்.

அண்ணிக்கு அறுவை நடந்தது. தொடையிடுக்கில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். பல வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இப்போதும் ஒரு கால் மாலையானால் வீங்கும். ஆனால் நேராக உட்கார்ந்து சாப்பிடுகிறார். மாதம் ஒருமுறை கதவைச் சாத்திக்கொண்டு அந்தச் சிவப்பு விளிம்புக் கண்ணாடியில் பார்த்துக்கொள்கிறார். இதை எழுதி அவரிடம் படித்துக் காட்டினேன். "என் பேர லெட்சுமின்னு மாத்திறாத. பொன்னம்மான்னே எழுது," என்றார்.

மிஸ்ஸியை எடுத்த அன்று செட்டி கம்போங்கில் அவர் வீட்டு வாசல் நிறைய நம் தெருப் பெண்கள். ஒருவரையொருவர் தெரியாதவர்கள்போல நின்றோம். யார் எதற்காக வந்திருக்கிறார்கள் என்று நானும் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். முனியம்மா அக்கா வாய்விட்டு அழுதார். கும்பலில் யாரோ, "உனக்கு எப்படிப் பழக்கம்?" என்று கேட்டார்கள். "வயித்து வலி," என்றார் அவர். அந்தச் சொல் எங்கள் எல்லோருக்கும் புரிந்தது. முதல் தடவையாக ஒருவரையொருவர் நேராகப் பார்த்துக்கொண்டோம்.

ஊக்குகளை ஆயா ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார். கேட்டு வாங்கிக்கொண்டேன். ஐந்தில் ஒன்று வளைந்திருக்கிறது. அவரிடமிருந்து என்னிடம் இருப்பவை அவையும், மாற்றிச் சொல்லாதே என்ற அந்த ஒரு பேச்சும்தான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு சீன மிஸ்ஸியை அனுப்பியிருந்தார்கள். சின்ன வயது, தமிழில் ஒரு சொல்கூடத் தெரியாது. என் முக்காலியைச் சுவரோரம் தள்ளி வைத்திருந்தார். பத்து மணிக்கு ஒரு பெண் வந்தாள். நான் பார்த்திராத முகம். பலகையின் ஓரத்தில், ஒரு பக்கமாக உட்கார்ந்தாள். புது மிஸ்ஸியைச் சந்தேகமாகப் பார்த்தாள், பிறகு என்னை.

"வயித்து வலி," என்றாள். "பேரு லெட்சுமி. எழுதிக்கோ."

நான் எழுந்து போய்த் திரையின் இரண்டு பாதிகளையும் இழுத்துச் சேர்த்து, மேலிருந்து கீழாக ஐந்து ஊக்குகளையும் குத்தினேன். திரும்பி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் பெயரையும், காஜா பேராங்கில் எங்கள் வீடு எது என்பதையும் முதலில் அவளுக்குச் சொன்னேன்.